தொலைக்காட்சி மாற்றமும் கடைசி வீடும்

ஒரு புதிய முறை நாட்டில் புகும்போது அதனை முதலில் ஏற்கும் வீட்டைப் பற்றிப் பேசுவோர் பலர். கடைசியாக ஏற்கும் வீட்டைப் பற்றி எண்ணுவோர் சிலரே. பழைய முறையும் புதிய முறையும் அருகருகே நடந்துவரும் வரையில் இதனால் பெருங்கேடு ஒன்றும் இல்லை. விரும்பியவர் புதியதைக் கைக்கொள்வர். ஏனையோர் பழையதிலேயே இருப்பர். ஆனால், இன்ன தேதியோடு பழைய முறை அடியோடு நிறுத்தப்படும் என்று முடிவாகிவிட்டால் நிலைமை வேறு. அப்போது அந்தக் கடைசி வீட்டை ஆயத்தப்படுத்துவதே பெருவேலையாக நிற்கும்.

தொலைக்காட்சி ஒளிபரப்பு அனலாக் முறையினின்று டிஜிட்டல் முறைக்கு மாறியது இத்தகைய ஒரு நிகழ்ச்சியாகும். ஐரோப்பாவில் லக்சம்பர்க்கும் நெதர்லாந்தும் 2006 ஆம் ஆண்டிலேயே பழைய ஒளிபரப்பை நிறுத்திவிட்டன. அவ்விரு நாடுகளிலும் பெரும்பாலான வீடுகள் கேபிள் வழியாகவே பார்த்துவந்தமையால் வேலை எளிதாக முடிந்தது. பிரிட்டனின் நிலைமை அவ்வாறன்று. அங்கே கூரைமேல் நட்ட ஆன்டெனாவை நம்பியிருந்த வீடுகள் மிகப் பல. ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் வீடுகளை, 2007 முதல் 2012 வரை, வட்டாரம் வட்டாரமாக மாற்ற வேண்டியிருந்தது. அதை எவ்வாறு செய்தனர் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தறிக்கும் வயலுக்கும் தொலைக்காட்சிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். 1957 ஆம் ஆண்டில் அணாக் கணக்கு போய்ப் புதிய பைசாக் கணக்கு வந்தது. அதன் பின் சேரும் வீசையும் போய்க் கிலோகிராம் வந்தது. கூலி கையில் கொடுக்கப்பட்ட காலம் போய் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும் காலம் வந்தது. இம்மாற்றங்கள் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அங்கத்தினர் வீட்டையும் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் பொறுப்பு சங்கத்தைச் சேர்ந்ததாயிற்று. ஆதலின் பிறர் இதனை எவ்வாறு செய்தனர் என்று அறிவது நமக்குப் பயன்தரும்.

அனலாக்கும் டிஜிட்டலும்

முதலில் இவ்விரு முறைகளின் வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். அனலாக் முறையில் படம் கோடு கோடாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு கோட்டிலும் எங்கெங்கே வெளிச்சம் மிகுதி, எங்கெங்கே குறைவு என்பதற்கு ஏற்ப மின் அலை ஏறியும் இறங்கியும் செல்லும். அந்த ஏற்ற இறக்கமே படமாகும். வழியில் வேறு ஓர் அலை குறுக்கிட்டால் அதுவும் படத்தோடு கலந்துவிடும். பழைய பெட்டிகளில் பனி கொட்டுவதுபோல் வெண்புள்ளிகள் தோன்றியதும், ஒருவருக்கு இரண்டு உருவம் தெரிந்ததும் இதனாலேயே.

டிஜிட்டல் முறையை நெசவாள அன்பர்கள் எளிதில் உணர்வர். ஜக்கார்டு அட்டையை நினைத்துக்கொள்க. அட்டையின் ஓரிடத்தில் துளை உண்டு, அல்லது இல்லை. இடைப்பட்ட நிலை ஒன்று கிடையாது. துளை உள்ள இடத்தில் பாவு இழை உயர்கிறது. இல்லாத இடத்தில் தாழ்ந்து நிற்கிறது. எத்துணை நுட்பமான கொடியும் பூவும் மயிலும் இந்த உண்டு, இல்லை என்னும் இரண்டினால் துணியில் அமைந்துவிடுகின்றன. அட்டை சற்று அழுக்குப் படிந்திருந்தாலும் துளை துளையாகவே இருக்குமாதலால் பூவின் வடிவம் கெடுவதில்லை. டிஜிட்டல் ஒளிபரப்பும் இவ்வாறே. படமும் ஒலியும் 1, 0 என்னும் இரண்டே குறிகளாக மாற்றி அனுப்பப்படுகின்றன. வாங்கும் பெட்டி இது 1, இது 0 என்று பிரித்தறிந்து படத்தைத் திரும்ப அமைத்துக்கொள்கிறது. சிறு பிழைகள் நேரின் அவற்றைத் திருத்திக்கொள்ளவும் கணக்கு உண்டு.

இதில் மற்றொரு சிக்கனமும் இருக்கிறது. செய்தி வாசிப்பவர் பேசும்போது அவர் வாயும் கண்ணும் அசைகின்றன. பின்னால் உள்ள சுவர் அசைவதில்லை. அசையாத சுவரை நொடிதோறும் மீண்டும் மீண்டும் அனுப்புவானேன்? மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதும் அன்றோ? இவ்வாறு சுருக்கி அனுப்புவதால், முன்பு ஒரே ஒரு சானல் சென்ற அலைவரிசை இடத்தில் இப்போது பல சானல்களை அனுப்ப முடிகிறது. முறை வைத்து நீர் பாய்ச்சினால் ஒரே வாய்க்காலில் கூடுதல் காணிகள் விளைவதை வேளாண் அன்பர்கள் அறிவார்கள்.

எனினும் டிஜிட்டல் முறைக்கு ஒரு கடுமையான குணம் உண்டு. அனலாக் ஒளிபரப்பு வலுக்குறைந்தால் படம் மங்கும். ஆயினும் ஓரளவு தெரியும். டிஜிட்டல் ஒளிபரப்போ ஒரு வரம்பு வரையில் முற்றிலும் தெளிவாக இருக்கும். அவ்வரம்புக்குக் கீழே இறங்கியவுடன் படம் கட்டம் கட்டமாகச் சிதறி, அசையாமல் நின்று, பின் அறவே மறைந்துவிடும். துருப்பிடித்த ஆன்டெனாவும் அறுந்த கம்பியும் வைத்துக்கொண்டு மங்கலான படத்தோடு பல்லாண்டு காலம் ஓட்டிவந்த வீட்டில், மாற்ற நாளன்று ஒன்றுமே தெரியாமற் போகலாம். அத்தகைய வீடு பெரும்பாலும் யாருடைய வீடு? வருவாய் குறைந்தவர், முதியவர், தனித்து வாழ்பவர் ஆகியோரின் வீடே. ஆகவே இந்த மாற்றத்தின் இடர் எல்லா வீடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே மனத்திற் கொள்ளல் வேண்டும்.

பழையதை ஏன் நிறுத்தினர்?

பிரிட்டனில் வான்வழி டிஜிட்டல் ஒளிபரப்பு 1998 ஆம் ஆண்டு நவம்பரிலேயே தொடங்கிவிட்டது. அதனை நடத்திய தனியார் கட்டணச் சேவை 2002 இல் நொடித்துப் போயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் மாதக் கட்டணம் இல்லாத 'ஃப்ரீவியூ' என்னும் சேவை வந்தபின் மக்கள் விரும்பி வாங்கலாயினர். இரு முறைகளும் சேர்ந்தே நடக்கலாமே, பழையதை ஏன் நிறுத்த வேண்டும் என்ற வினா அப்போது எழுந்தது.

அதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, பழைய ஒளிபரப்பு நடந்துகொண்டிருக்கும் வரையில் புதியதன் வலுவைக் கூட்ட இயலாது. கூட்டினால் ஒன்றோடொன்று மோதும். மாற்றத்திற்கு முன் நான்கில் ஏறத்தாழ மூன்று வீடுகளுக்கே டிஜிட்டல் ஒளிபரப்பு எட்டியது. பழையது நின்று, புதியதன் வலு கூட்டப்பட்டபின் 100 க்கு 98.5 வீடுகளுக்கு எட்டிற்று. மலையிடுக்கில் உள்ள ஊர்களுக்கு இது பெரிய நன்மை. இரண்டாவது, விடுபடும் அலைவரிசை கைபேசிச் சேவைக்குப் பயன்படும் என்பது. அவ்வாறு விடுபட்ட அலைவரிசையும் சேர்ந்து 2013 ஆம் ஆண்டில் 4ஜி சேவைக்காக ஏலம் விடப்பட்டபோது அரசாங்கத்திற்கு 234 கோடி பவுண்டு கிடைத்தது. நாட்டுக்கு வருவாய் வரும் ஒரு காரியத்தின் சுமை ஏழை முதியவர் தலைமேல் விழலாகாது என்ற நியாயமும் இதிலிருந்தே பிறக்கிறது.

நாள் குறித்த விதம்

நாடு முழுவதையும் ஒரே நாளில் மாற்ற அவர்கள் முனையவில்லை. 2005 ஆம் ஆண்டில் வேல்ஸ் பகுதியில் ஃபெரிசைடு, லான்ஸ்டெஃபன் என்னும் இரண்டு சிற்றூர்களில் சோதனையாகப் பழைய ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. அங்கே இருந்தவை சில நூறு வீடுகளே. அவ்வாண்டு செப்டம்பரில் முழு நாட்டிற்கும் அட்டவணை அறிவிக்கப்பட்டது. ஒளிபரப்பு நிறுவனங்கள் சேர்ந்து 'டிஜிட்டல் யூ.கே.' என்ற பொது அமைப்பை நிறுவி மக்களுக்கு அறிவிக்கும் பணியை அதனிடம் ஒப்படைத்தன.

முதலில் மாறியது கம்ப்ரியா கடற்கரையில் உள்ள வைட்ஹேவன் என்னும் பழைய நிலக்கரி ஊரும் அதன் சுற்றுப்புறமும் ஆகும். அங்கே ஏறத்தாழ 25,000 வீடுகள். 2007 அக்டோபர் 17 அன்று பி.பி.சி. 2 என்னும் ஒரே சானலின் பழைய ஒளிபரப்பு மட்டும் நிறுத்தப்பட்டது. ஏனையவை நான்கு வாரங்கள் கழித்து, நவம்பர் 14 அன்று நிறுத்தப்பட்டன. இந்த இரண்டு படி முறையையே பின்னர் நாடெங்கும் கையாண்டனர்.

இதன் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாம் நின்றுவிட்டால் ஆயத்தம் ஆகாத வீடு இருளில் கிடக்கும். ஒரு சானல் மட்டும் நின்றால் அவ்வீட்டார்க்கு அதுவே எச்சரிக்கை மணியாகிறது. மற்றச் சானல்கள் இன்னும் வருகின்றன, செய்தி கேட்கலாம், பெட்டி வாங்கலாம், அண்டை வீட்டாரைக் கேட்கலாம். அறிவிப்பைப் படிக்காதவரும் காதில் வாங்காதவரும் கூடத் தம் கண்ணாலேயே அதைக் காண்கின்றனர். நூறு துண்டுப் பிரசுரங்கள் செய்யாத வேலையை இந்த ஒரு படி செய்தது.

கூட்டுறவின் பிறப்பிடமாக நாம் போற்றும் ராச்டேல் நகரமும் இவ்வரிசையில் வந்தது. 1844 ஆம் ஆண்டில் 28 பேர், அவர்களுள் பலர் நெசவாளர்கள், சிறு கடை ஒன்று தொடங்கிய அந்த லங்காஷயர் வட்டாரத்தில், வின்டர் ஹில் கோபுரத்தின் பழைய ஒளிபரப்பு 2009 நவம்பர் 4, டிசம்பர் 2 ஆகிய இரு நாட்களில் நிறுத்தப்பட்டது. லண்டன் மாநகரின் முறை 2012 ஏப்ரலில் வந்தது. கடைசியாக வட அயர்லாந்தில் 2012 அக்டோபர் 24 அன்று பழைய ஒளிபரப்பு முற்றுப்பெற்றது. பெரிதும் சிறிதுமாக 1,154 ஒளிபரப்பு நிலையங்கள் இதற்காகச் சீரமைக்கப்பட்டன. ஐந்தாண்டு எடுத்துக்கொண்டமையால் ஓர் ஊரில் கற்ற பாடம் அடுத்த ஊருக்கு உதவிற்று; பணியாளர்களும் ஓரிடத்தில் முடித்து மறு இடம் செல்ல முடிந்தது.

ஒவ்வொரு வீடும் செய்ய வேண்டியிருந்தவை

வீட்டார் செய்ய வேண்டியவை மிகப் பெரிய காரியங்கள் அல்ல. எனினும் ஒன்று தவறினும் படம் வாராது. அவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது, வீட்டில் உள்ள எல்லாப் பெட்டிகளையும் எண்ணுதல். கூடத்தில் உள்ள பெரிய பெட்டியை மட்டும் நினைத்துக்கொண்டு, சமையலறையிலும் பாட்டியின் படுக்கை அறையிலும் உள்ள சிறு பெட்டிகளை மறந்துவிடுவது மக்களின் இயல்பு. ஒவ்வொரு பழைய பெட்டிக்கும் தனித்தனியே ஒரு மாற்றும் பெட்டி வேண்டும்.

இரண்டாவது, பழைய தொலைக்காட்சிப் பெட்டியை எறிந்துவிடாதிருத்தல். டிஜிட்டல் குறிகளைப் படமாக மாற்றித் தரும் சிறிய செட்-டாப் பெட்டியை இணைத்துவிட்டால் பழைய பெட்டியே போதும். புதிய தொலைக்காட்சி வாங்கியே தீர வேண்டும் என்று விற்பனையாளர் சொல்லக்கூடும், அது தேவையன்று. ஏற்ற கருவிகளை மக்கள் அடையாளம் காணும்பொருட்டுச் சரிக்குறி போன்ற ஒரு பொது முத்திரை அவற்றின்மேல் அச்சிடப்பட்டது.

மூன்றாவது, ஆன்டெனாவையும் அதிலிருந்து இறங்கும் கம்பியையும் சோதித்தல். பல வீடுகளுக்குப் பழைய ஆன்டெனாவே போதுமாயிற்று. சில வீடுகளுக்குப் புதியது வேண்டியிருந்தது. தேவையில்லாத வீட்டிலும் ஆன்டெனாவை மாற்றச் சொல்லிப் பணம் பறிப்போர் வரக்கூடும் என்பதால், முதலில் பெட்டியை இணைத்துப் பாருங்கள், படம் வாராவிடில் மட்டுமே ஆன்டெனாவைப் பற்றி எண்ணுங்கள் என்பதே ஏற்ற அறிவுரை.

நான்காவது, சானல்களை மீண்டும் தேடிப் பதிவு செய்தல். இதுவே பலரைத் திகைக்கச் செய்தது. பெட்டியை முன்கூட்டியே வாங்கி இணைத்தவரும், மாற்ற நாள் ஒவ்வொன்றிலும் ரிமோட்டில் உரிய பொத்தானை அழுத்திச் சானல்களைத் தேடச் செய்ய வேண்டும். இரண்டு படிகளில் மாற்றம் நடந்தமையால் இருமுறை இதைச் செய்ய வேண்டியிருந்தது. எல்லாம் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்த வீட்டில் அன்று காலை திரை வெறுமையாக இருந்தால், பெட்டி பழுது என்றே எண்ணத் தோன்றும்.

ஐந்தாவது, இரண்டு ரிமோட்டுகளைப் பழகுதல். தொலைக்காட்சிக்கு ஒன்று, செட்-டாப் பெட்டிக்கு ஒன்று. எது எதற்கு என்பது இளைஞர்க்கு எளிது; கண் மங்கியவர்க்கும் விரல் நடுங்குபவர்க்கும் இது நாள்தோறும் எழும் இடர்ப்பாடு.

இவற்றை மக்களுக்கு உணர்த்தக் கடிதங்கள் அனுப்பினர். பழைய ஒளிபரப்பின் திரையிலேயே எச்சரிக்கை வரிகளை ஓட்டினர். ஓர் இயந்திர மனிதப் பொம்மையை விளம்பரங்களில் காட்டினர். இவை தேவையே. ஆனால் இவற்றோடு நின்றுவிடாமையே அத்திட்டத்தின் சிறப்பு.

வாசல்வரை சென்ற உதவி

தனித்து வாழும் 80 வயது முதியவர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். கடிதம் வந்தது, படித்தார், தேதியும் தெரியும். ஆயினும் பெட்டிக்குப் பின்னால் குனிந்து கம்பியைச் செருக அவரால் இயலாது. அவருக்குத் தொலைக்காட்சி வெறும் பொழுதுபோக்கன்று. உலகச் செய்தியும் அதுவே. வீட்டில் கேட்கும் மனிதக் குரலும் பல நாட்களில் அது ஒன்றே. அது திடீரென்று நின்றுவிட்டால் அவர் இழப்பது பெரிது. முறையிட்டுக் கூக்குரல் எழுப்பும் வலுவும் அவருக்குக் குறைவு.

இத்தகையோர்க்காகவே பி.பி.சி.யின் பொறுப்பில் ஓர் உதவித் திட்டம் அமைந்தது. 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், உடற்குறைக்காக அரசு உதவி பெறுவோர், பார்வையற்றோராகவோ பார்வை குன்றியோராகவோ பதிவு பெற்றவர்கள், முதியோர் காப்பகங்களில் ஆறு மாதத்திற்கு மேல் வாழ்வோர் ஆகியோர் இதற்கு உரியவர். ஏறத்தாழ 70 லட்சம் பேர் இவ்வாறு தகுதி பெற்றனர். பெரும்பாலோர் 40 பவுண்டு செலுத்தினால் போதும்; வருவாய் மிகக் குறைந்தோர்க்கு இலவசம். இதற்கென 60 கோடியே 30 லட்சம் பவுண்டு ஒதுக்கப்பட்டது.

அந்த 40 பவுண்டுக்கு அவர்கள் பெற்றது என்ன? பெட்டி மட்டும் அன்று. பணியாளர் வீட்டிற்கு வந்து அதனைப் பொருத்தினார். ஆன்டெனா வேண்டுமாயின் இயன்றவரை அதனையும் சரிசெய்தார். ரிமோட்டை எவ்வாறு இயக்குவது என்று காட்டிக்கொடுத்தார். அதன் பின்னும் ஓராண்டு காலம் தொலைபேசி வழியாக உதவி கேட்கலாம். காது மந்தமானவர்க்கு எழுத்து வரிகளும், பார்வை குன்றியவர்க்குக் காட்சியை விளக்கிச் சொல்லும் குரலும் எளிதில் கிடைக்கும்படியான பெட்டிகளே வழங்கப்பட்டன. பழைய முறையில் பெறாத ஒரு நன்மையைப் புதிய முறையில் பார்வையற்றோர் பெற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. முதியோரை நன்கறிந்த உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களும் வட்டாரந்தோறும் இப்பணியில் சேர்ந்துகொண்டன. தெரியாத அதிகாரியின் கடிதத்தைவிடத் தெரிந்தவரின் ஒரு சொல்லுக்கு மதிப்பு மிகுதி அன்றோ?

முடிவில் ஏறத்தாழ 13 லட்சம் பேரே இத்திட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டனர். ஏனையோர் மக்கள் மருமக்கள் உதவியாலோ தம் முயற்சியாலோ மாறிக்கொண்டனர். ஒதுக்கிய பணத்தில் பெரும் பகுதி மிஞ்சியது; அது பின்னர் சிற்றூர்களுக்கு விரைவான இணைய வசதி அளிக்கப் பயன்பட்டது. 70 லட்சம் பேருக்கு உரிமை கொடுத்து 13 லட்சம் பேர் வந்தனர் எனில் திட்டம் வீண் என்று சிலர் கூறலாம். அது சரியன்று. உதவி வேண்டுவோர் யார் என்று முன்கூட்டியே அறிய முடியாது. கதவை அகலத் திறந்துவைத்தமையாலேயே வேண்டியவர் தயங்காமல் உள்ளே வந்தனர்.

சீட்டு மட்டும் போதவில்லை

இதனோடு அமெரிக்க நாட்டின் அனுபவத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே வீடு ஒன்றுக்கு இரண்டு தள்ளுபடிச் சீட்டுகள் வரை வழங்கினர். ஒவ்வொன்றும் 40 டாலர் பெறும். மாற்றும் பெட்டி வாங்கும்போது கடையில் கொடுக்கலாம். சீட்டு 90 நாட்களில் காலாவதியாகும். 2009 பிப்ரவரி 17 என்று நாடு முழுவதற்கும் ஒரே கெடு வைத்தனர். 2009 ஜனவரித் தொடக்கத்தில் சீட்டுக்கென ஒதுக்கிய பணத்தின் வரம்பு எட்டிவிட்டது. கேட்டவர்கள் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டனர். ஏறத்தாழ 65 லட்சம் வீடுகள் ஆயத்தமாகவில்லை என்று நீல்சன் என்னும் கணிப்பு நிறுவனம் அப்போது மதிப்பிட்டது. கடைசி நேரத்தில் சட்டம் இயற்றிக் கெடுவை ஜூன் 12 க்குத் தள்ளிவைக்க நேர்ந்தது.

அதற்கு முன்னரே, 2008 செப்டம்பர் 8 அன்று, வட கரோலினா மாநிலத்து வில்மிங்டன் நகரில் ஒரு முன்னோட்டம் நடந்தது. அங்கே உதவி கேட்டு வந்த தொலைபேசி அழைப்புகளில், மாற்றத் தேதியே தெரியாது என்றவர்கள் மிகச் சிலர். பெட்டியை எவ்வாறு பொருத்துவது, சானல்களை எவ்வாறு தேடுவது, ஆன்டெனாவில் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டவர்களே பலர். செய்தி எல்லாரையும் எட்டிவிட்டது, செய்முறை எட்டவில்லை. அறிவிப்பு வேறு, ஆயத்தம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டின் வழி

இந்தியாவில் மாற்றம் வேறு வழியில் நடந்தது. நம் வீடுகளில் பெரும்பாலானவை கேபிளை நம்பியிருந்தமையால் முதலில் கேபிளே மாறியது. 2003 செப்டம்பரில் சென்னையில் செட்-டாப் பெட்டி முறை புகுத்தப்பட்டது. பின்னர், 2011 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி நாடு நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 என்றும், கோயம்புத்தூர் உள்ளிட்ட 38 நகரங்களுக்கு 2013 மார்ச் 31 என்றும், ஏனைய நகரங்களுக்கு 2015 டிசம்பர் 31 என்றும் கெடு வைத்தனர். சிற்றூர்களுக்குரிய கெடு 2017 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது. சென்னையிலும் காரியம் குறித்த நாளில் முடியவில்லை. 2017 ஆம் ஆண்டில் டிஜிட்டல் உரிமம் பெற்ற தமிழ்நாடு அரசு கேபிள் நிறுவனம், அவ்வாண்டே செட்-டாப் பெட்டிகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2006 முதல் மாநில அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் அப்போதும் பல வீடுகளில் இருந்தன. அவையும் செட்-டாப் பெட்டி இணைத்தபின் தொடர்ந்து பயன்பட்டன.

வான்வழி ஒளிபரப்போ அமைதியாக நின்றது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அக்காலம் முதல் கூரை ஆன்டெனாவில் எடுத்துவந்த தூர்தர்ஷனின் பழைய ஒளிபரப்புக் கருவிகளைப் பிரசார் பாரதி படிப்படியாக மூடியது. எல்லைப்புறம் போன்ற முக்கிய இடங்களில் உள்ள ஏறத்தாழ 50 நீங்கலாக ஏனையவற்றை 2022 மார்ச் 31க்குள் மூடிவிடுவதென முடிவு செய்தது. அதற்கு ஈடாக, 2004 டிசம்பரில் தொடங்கிய, இப்போது 'டி.டி. ஃப்ரீ டிஷ்' எனப்படும் செயற்கைக்கோள் சேவை இருக்கிறது. தட்டும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் அதற்கு மாதக் கட்டணம் இல்லை.

நம் மாற்றத்தில் வீட்டார் உணர்ந்த பெரிய வேறுபாடு கட்டணத்தில் இருந்தது. 2019 பிப்ரவரி முதல், கட்டணச் சானல்களில் தாம் வேண்டியவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து அவற்றிற்கு மட்டும் விலை கொடுக்கும் உரிமை சந்தாதாரர்க்கு அளிக்கப்பட்டது. ஆனால் அவ்வுரிமையை அறிந்து பயன்படுத்தியோர் எத்தனை பேர்? பட்டியலைப் படித்துத் தேர்ந்தெடுக்க யாரும் உடன் அமர்ந்து உதவாத வீட்டில், கொடுத்த தொகுப்பை வாங்கிக்கொண்டு கேட்ட பணத்தைக் கொடுப்பதே வழக்கமாயிற்று. உரிமை காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு. அங்கத்தினர்கள் தங்கள் இணைப்பில் எந்தெந்தச் சானலுக்கு எவ்வளவு செலுத்துகிறார்கள் என்று ஒருமுறை கேட்டறிவது நலம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். பயனற்ற பழைய குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டிகளை உடைத்து வாய்க்கால் கரையிலோ குப்பை மேட்டிலோ போடலாகாது. அதன் கண்ணாடியில் காரீயம் கலந்துள்ளது. உடைப்பவர் கைக்கும் மண்ணுக்கும் நீருக்கும் அது கேடு. மின் கழிவு பெறுவதற்கு அனுமதி பெற்றோரிடமே அதனை ஒப்படைக்க வேண்டும். சங்கம் பல வீட்டுப் பெட்டிகளை ஒருங்கே சேர்த்து அனுப்பினால் அனைவர்க்கும் எளிது.

சங்கங்கள் கொள்ளத்தக்கவை

தொலைக்காட்சி மாற்றம் முடிந்த கதை. ஆனால் இத்தகைய மாற்றங்கள் முடிவதில்லை. பங்கீட்டுக் கடையில் கைரேகை, மானியத்திற்கு வங்கிக் கணக்கு, விண்ணப்பத்திற்குக் கைபேசி என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் பாடங்கள் மேற்கண்ட வரலாற்றில் உள்ளன.

முதலில், வீட்டுக் கணக்கு எடுக்க வேண்டும். யார் தனித்து வாழ்கிறார், யாருக்குக் கண் தெரியாது, யார் வீட்டில் படித்தவர் இல்லை என்பது சங்கச் செயலாளர்க்கும் பணியாளர்க்கும் தெரிந்த செய்தியே. அதனைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதாக, மாற்றத்தை இரண்டு படியாகச் செய்ய வேண்டும். பழைய முறையின் ஒரு பகுதியை முதலில் நிறுத்தி, தடுமாறுவோர் யார் என்று கண்டு, அவர்க்கு உதவியபின் மீதியை நிறுத்துவது முறை. மூன்றாவதாக, கருவியைக் கொடுப்பதோடு நில்லாமல், அங்கத்தினர் தம் கையாலேயே ஒருமுறை செய்யும்படி பழக்க வேண்டும். பிறர் செய்து காட்டினால் புரிந்ததுபோல் தோன்றும். தாமே செய்தால்தான் நிலைக்கும். நான்காவதாக, சில வாரம் கழித்து மறுபடியும் அவ்வீட்டிற்குச் செல்ல வேண்டும். முதல் நாள் எழாத ஐயங்கள் பின்னரே எழுகின்றன.

இவற்றிற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. ஊரையும் வீடுகளையும் அறிந்த ஆட்களே வேண்டும். பிரிட்டனில் அவர்களைத் தேடித் தொண்டு நிறுவனங்களிடம் செல்ல வேண்டியிருந்தது. நம்மிடமோ தெருத்தோறும் அங்கத்தினர்கள் இருக்கிறார்கள். அடுத்த மாற்றத்தின் அறிவிப்பு வரும்போது, சங்கத்தின் பலகையில் அதனை ஒட்டிவிட்டோம் என்று நிர்வாகிகள் அமைதி கொள்ளலாகாது. தறிச் சத்தம் ஓய்ந்த வீட்டில் தனித்திருக்கும் மூதாட்டிக்கும், ஊர்க்கோடியில் வயலோரம் குடியிருக்கும் முதியவர்க்கும் அது எட்டிவிட்டதா, அவர்களால் செய்ய முடிகிறதா என்று நேரில் சென்று பார்த்தபின்னரே வேலை முடிந்ததாகக் கணக்கில் எழுத வேண்டும்.